பொம்மைக் கப்பலுக்கு விளக்கு ஏற்றிய கதை

சிதம்பரத்துக்குப் போய் நடராஜரைத் தரிசித்துவிட்டு வந்தவர்களிடம், "ரத்தினசபாபதியைப் பார்த்தீர்களா?" என்று கேட்டால் பாதிப் பேர் விழிப்பார்கள். குற்றம் அவர்களுடையதல்ல. ஸ்படிக லிங்கத்துக்கு ஒரு நாளில் ஆறு வேளை அபிஷேகம். ரத்தினசபாபதிக்கு ஒரே ஒரு வேளை, அதுவும் முற்பகலில். பஸ்ஸைப் பிடித்து, செருப்பை விட்டு, தேங்காய் பழம் வாங்கி உள்ளே போவதற்குள் எல்லாம் முடிந்து போயிருக்கும். ஆகையால், போகிறவர்கள் கொஞ்சம் முன்னதாகவே போய்ப் பொன்னம்பலத்துக்கு எதிரே நல்ல இடமாகப் பார்த்து நின்றுகொள்ள வேண்டும் என்பது என் யோசனை.

மாணிக்கத்தால் ஆன சிறிய நடராஜ மூர்த்தி அது. அபிஷேகம் ஆனவுடன் தீட்சிதர் முதலில் கற்பூர தீபத்தை முன்பக்கமாகக் காட்டுகிறார். அப்போது கறுப்பும் சிவப்பும் கலந்த ஏதோ ஒரு கல் விக்கிரகம் என்றுதான் தெரிகிறது. பிறகு தீபத்தை மெல்ல விக்கிரகத்தின் பின்பக்கமாகக் கொண்டு போகிறார். அவ்வளவுதான்! கல் என்று நினைத்தது கனலாகிவிடுகிறது. தூக்கிய திருவடியும் விரிந்த சடையும் உள்ளிருந்தே சுடர் விடுவதுபோல் தோன்றுகின்றன. கூட்டத்தில் "ஆ!" என்று ஒரு பெருமூச்சு எழுகிறது. அதற்குள் தீபம் மறுபடி முன்னால் வந்துவிடுகிறது.

எல்லாரையும் போல நானும் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். ஆனாலும் கதை எழுதுகிறவனின் மனம் சந்நிதியில்கூடச் சும்மா இருப்பதில்லை. விளக்கு ஓரிடத்தில், வெளிச்சம் இன்னோரிடத்தில். பொருளுக்குள்ளே விளக்கு வைக்க இடமில்லை. ஆனாலும் பொருளுக்குள்ளிருந்துதான் வெளிச்சம் வருகிறது. இதே தந்திரத்தைத்தானே இருபதாம் நூற்றாண்டில் ஹாலிவுட்காரர்கள் ஏராளமாகப் பணம் செலவழித்துத் தங்கள் பொம்மை ஆகாயக் கப்பல்களில் செய்து பார்த்தார்கள் என்று தோன்றிற்று. தோன்றிய பிறகு அதன் சரித்திரத்தைத் தேடிப் படிக்காமல் இருக்க முடியவில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். உலகத்தில் எத்தனையோ பேர், வயதில் பெரியவர்கள், நல்ல உத்தியோகத்தில் இருக்கிறவர்கள், சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் மேஜையின் முன் உட்கார்ந்து ஆகாயக் கப்பல் பொம்மைகள் செய்கிறார்கள். செய்வதோடு விடுவதில்லை, அதற்கு விளக்கும் போடுகிறார்கள். அங்கேதான் சங்கடம் ஆரம்பமாகிறது. முந்நூறு மீட்டர் நீளமுள்ள ஒரு கற்பனைக் கப்பலை ஓர் அடி நீளத்தில் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். ஆயிரத்தில் ஒரு பங்கு. உண்மையான கப்பலில் அரை மீட்டர் அகலமுள்ள ஜன்னல், பொம்மையில் அரை மில்லிமீட்டர் ஆகிவிடும். அரை மில்லிமீட்டர் துவாரத்துக்குள் எந்த பல்பை நுழைப்பது? கோதுமை மணி பல்பு என்று பெயர் பெற்ற குட்டி பல்புகள் உண்டு. பெயருக்கேற்ப அவை கோதுமை மணி அளவு. நமக்கு வேண்டியதோ கடுகைவிடச் சிறியது. தவிர, இழை பல்பு சூடாகும். பிளாஸ்டிக் கப்பலுக்குள் நாலு பல்பை அரை மணி நேரம் எரிய விட்டால் கப்பல் இளகி, வெயிலில் வைத்த மெழுகுவர்த்தி மாதிரி வளையத் தொடங்கும்.

"அப்படி என்ன அவசியம்? விளக்கில்லாமலே வைத்துக்கொள்ளக் கூடாதா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. உண்மையான விண்கலங்களைப் பார்த்தால் கேள்வி இன்னும் வலுக்கும். 2023-ம் ஆண்டு ஆகஸ்டு 23-ந் தேதி மாலை, சந்திரனின் தென் துருவத்துக்கு அருகே இறங்கிய நம் விக்ரம் கலத்துக்கு ஜன்னலே கிடையாது. உள்ளே ஆள் இல்லாதபோது ஜன்னல் எதற்கு? ஆனால் கற்பனைக் கப்பலின் சங்கதி வேறு. இருட்டில் ஒரு பெரிய வடிவத்தைக் காட்டினால் அது மலையா, மீனா, வாணலியா என்று நம் கண்ணுக்குத் தெரியாது. அதில் ஒரு சிறு ஜன்னலைத் திறந்து வெளிச்சம் காட்டினால், உடனே அளவு தெரிந்துவிடுகிறது. அதோடு இன்னொன்றும் தெரிகிறது: உள்ளே யாரோ இருக்கிறார்கள். இரவில் ரயிலில் போகும்போது தூரத்து வயல்வெளியில் ஒரே ஒரு குடிசையில் விளக்கு எரிவதைப் பார்த்து, "யாரோ, என்னவோ, இன்னும் தூங்கவில்லை" என்று நினைத்துக்கொள்ளாதவர் உண்டா? அந்த நினைப்பு வருவதற்காகத்தான் இத்தனை பாடும்.

வெளிச்சத்தை வளைத்துக் கொண்டுபோக முடியும் என்பதை முதலில் ஊருக்குக் காட்டியவர் ஜெனீவாவில் இருந்த டானியல் கொலடோன் என்ற பேராசிரியர். வருஷம் 1841. அவருக்குத் தண்ணீரின் போக்கைப் பற்றி வகுப்பு எடுக்க வேண்டியிருந்தது. தொட்டியிலிருந்து பீறிடும் நீர்த்தாரை பின் வரிசைக்காரர்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. சூரிய ஒளியை ஒரு கண்ணாடி வில்லையால் குவித்துத் தொட்டிக்குள் செலுத்தினார். வெளிச்சம் நீர்த்தாரைக்குள் அகப்பட்டுக்கொண்டது! தாரை வளைந்த இடத்தில் வெளிச்சமும் வளைந்தது. தாரை சிதறிய இடத்தில்தான் வெளிச்சமும் சிதறியது. 1854-ல் லண்டனில் ஜான் டின்டால் இதே வித்தையைக் காட்டினார். புகழ் பெரும்பாலும் டின்டாலுக்கே போயிற்று. பின்னால் 1880-களில் பெரிய பெரிய கண்காட்சிகளில் வர்ண வெளிச்ச நீரூற்றுகள் வைத்து ஜனங்களிடம் காசு வாங்கினார்கள்.

இதன் உள் ரகசியம் கடினமானதல்ல. தண்ணீரிலிருந்தோ கண்ணாடியிலிருந்தோ காற்றுக்கு வெளியேறப் பார்க்கும் ஒளிக்கதிர், சுவரை மிகவும் சாய்வாகத் தொட்டால் வெளியே போக முடியாமல் உள்ளேயே திரும்பி விழுகிறது. மறுபடியும் எதிர்ச் சுவரில் முட்டுகிறது, மறுபடியும் திரும்புகிறது. இப்படியே முட்டி முட்டி மறு கோடிக்குப் போய்ச் சேர்கிறது. மெல்லிய கண்ணாடி இழையாக இருந்தாலும் இதே கதைதான். நம்மில் எத்தனையோ பேருடைய ஜீவனமும் இப்படித்தான் நடக்கிறது. அது வேறு விஷயம்.

1930-ல் மியூனிக்கில் ஹைன்ரிஷ் லாம் என்ற வைத்திய மாணவர் கண்ணாடி இழைகளைக் கட்டாகக் கட்டி, ஒரு பல்புக்குள் எரியும் இழையின் உருவத்தை அவற்றின் வழியாக மறுமுனைக்குக் கொண்டுவந்தார். மனிதரின் வயிற்றுக்குள் எட்டிப் பார்க்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. படம் மங்கலாக வந்தது. அவர் யூதர்; ஹிட்லர் காலம் வந்ததும் தேசத்தை விட்டு ஓட வேண்டியதாயிற்று. அதே 1930-ல்தான் வெளிச்சத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்காக நம் சி. வி. ராமனுக்கு நோபல் பரிசு கிடைத்தது என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

அடுத்து வருகிறவரைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். நரீந்தர் சிங் கபானி. 1926-ல் பஞ்சாபில் மோகா என்ற ஊரில் பிறந்தவர். டேராடூனில் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது, "ஒளி நேர்கோட்டில்தான் செல்லும்" என்று வாத்தியார் சொன்னாராம். பையனுக்கு அதில் திருப்தி இல்லை. அப்படித்தானா என்று பார்த்துவிடுவது என்று தீர்மானித்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். நம் பள்ளிக்கூடங்களில் வாத்தியார் சொன்னதை எழுதிக்கொண்டு மார்க் வாங்கியவர்கள் ஆயிரம் பேர். சந்தேகப்பட்டவர் ஒருவர், ஆயுள் முழுவதும் அந்தச் சந்தேகத்தை விடாதவர். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் ஹாரல்ட் ஹாப்கின்ஸ் என்பவரிடம் சேர்ந்து, ஆயிரக்கணக்கான மெல்லிய கண்ணாடி இழைகளை ஒழுங்காக அடுக்கி, வளைந்த கட்டின் வழியாகத் தெளிவான படம் ஒன்றைக் கொண்டுவந்தார். 1954 ஜனவரியில் 'நேச்சர்' பத்திரிகையில் இருவர் பெயரிலும் அது வெளிவந்தது. அதே இதழில் ஹாலந்துக்காரரான வான் ஹீல் என்பவரின் குறிப்பும் வந்தது. இழைக்கு வேறொரு பொருளால் மேலுறை போட்டால் வெளிச்சம் கசியாது என்பது அவர் கண்டது. பிறகு கபானி அமெரிக்காவுக்குப் போனார். 1960-ல் ஒரு சஞ்சிகையில் அவர் எழுதிய கட்டுரைதான் 'ஃபைபர் ஆப்டிக்ஸ்' என்ற பெயரை உலகத்தின் வாயில் போட்டது.

2009-ல் இந்தத் துறைக்கு நோபல் பரிசு வந்தது. வந்தது சார்லஸ் காவோவுக்கு. கண்ணாடியில் உள்ள அழுக்கை நீக்கினால் வெளிச்சத்தை மைல் கணக்கில் அனுப்பலாம் என்று 1966-ல் கணக்குப் போட்டுக் காட்டியவர் அவர். இன்றைக்கு நாம் டெலிபோனில் பேசுவதும் படம் பார்ப்பதும் அந்தக் கணக்கினால்தான். ஆகவே அவருக்குக் கொடுத்தது நியாயமே. ஆனால் கபானி அப்போது உயிரோடுதான் இருந்தார். அவருக்கும் ஒரு பங்கு கொடுத்திருந்தால் ஸ்வீடன் தேசத்து கஜானா ஒன்றும் காலியாகியிருக்காது என்பது என்னுடைய அபிப்பிராயம். அவர் 2020 டிசம்பரில் காலமானார். நம் சர்க்கார் அடுத்த மாதம் பத்ம விபூஷண் அறிவித்தது. எப்போதுமே நாம் மாலையை வாங்கிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போய்ச் சேருவதற்குள் ரயில் புறப்பட்டுவிடுகிறது.

இனி சினிமாவுக்கு வருவோம். ஆகாயத்திலிருந்து அந்நிய கிரகத்துக்காரர்கள் வந்து இறங்குவதை நம் தமிழ் ஜனங்கள் 1963-லேயே பார்த்துவிட்டார்கள். 'கலை அரசி' என்ற படம், எம். ஜி. ஆரும் பானுமதியும் நடித்தது; காசிலிங்கம் டைரக்ட் செய்தது. வேற்று கிரகத்து நம்பியார் இங்கே வந்து பானுமதியைத் தூக்கிக்கொண்டு போகிறார். எதற்காகத் தெரியுமா? அவர்கள் கிரகத்தில் எல்லாம் இருக்கிறது, சங்கீதம் மட்டும் இல்லை, அதற்காக! அமெரிக்கக் கதைகளில் வரும் அந்நியர்கள் பூமியைப் பிடிக்க வருவார்கள். நம் கதையில் பாட்டு வாத்தியாரம்மாவைத் தேடி வருகிறார்கள். இதை நினைத்து நாம் பெருமைப்படலாம்.

அடுத்த வருஷம், 1964 டிசம்பரில், கலிபோர்னியாவில் 'ஸ்டார் டிரெக்' தொடருக்காகப் பதினோரு அடி நீளக் கப்பல் ஒன்றைச் செய்து கொடுத்தார்கள். முதலில் விளக்கே கிடையாது. பிறகு உள்ளே பல்புகளைப் பொருத்தினார்கள். முன்பக்கத்து உருண்டைகளில் பளிச் பளிச்சென்று சுழலும் ஒளிக்காகக் கிறிஸ்துமஸ் மர பல்புகளையும் கண்ணாடித் துண்டுகளையும் மோட்டாரையும் வைத்தார்கள். இத்தனைக்கும் கரண்டுக் கம்பி வேண்டுமே? எல்லாக் கம்பிகளையும் கப்பலின் இடது பக்கத்தில் வெளியே இழுத்து விட்டுவிட்டார்கள். ஆகவே அந்தக் கப்பலை வலது பக்கத்திலிருந்து மட்டுமே படம் பிடிக்க முடியும். பல ஊர்களில் உற்சவ மூர்த்திக்கு அலங்காரம் செய்கிறவர்கள் முன்பக்கத்துக்கு நாலு மணி நேரம் செலவழித்துவிட்டுப் பின்பக்கத்தை ஒரு துணியால் மூடிவிடுவார்கள் அல்லவா? அமெரிக்காவிலும் அதே சம்பிரதாயம்தான். அந்தக் கப்பல் இப்போது வாஷிங்டனில் விமான, விண்வெளி மியூசியத்தில் இருக்கிறது. 2016-ல் அதைப் புதுப்பித்தபோது பழைய பல்புகளுக்குப் பதிலாக எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தினார்கள்.

1977-ல் வந்த ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் படம் ஒன்றில், கடைசிக் காட்சியில், ஒரு பட்டணமே தலைகீழாக வானத்திலிருந்து இறங்குவதுபோல் தாய்க்கப்பல் ஒன்று வருகிறது. 'க்ளோஸ் என்கவுன்ட்டர்ஸ்' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அந்தப் படத்தின் ஒரு பகுதியை எடுப்பதற்காக ஸ்பீல்பெர்க் பம்பாய்ப் பக்கம் வந்திருந்தார். போகிற வழியில் ஒரு பெரிய எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை. இரவில் அதன் குழாய்களிலும் கோபுரங்களிலும் ஆயிரக்கணக்கான விளக்குகள். தாய்க்கப்பல் எப்படி இருக்க வேண்டும் என்று அதைப் பார்த்துத்தான் தனக்குத் தோன்றியது என்று அவரே சொல்லியிருக்கிறார். கிரெகரி ஜீன் என்ற கலைஞர் முதலானோர் அதைப் பொம்மையாகச் செய்தார்கள். சாதாரண பல்பு, நியான் குழாய், ஒளியிழை எல்லாவற்றையும் கலந்து அதற்கு வெளிச்சம் கொடுத்தார்கள். வேடிக்கைக்காக அதன் மேல் ஒரு தபால் பெட்டி, ஒரு குட்டி மோட்டார் வண்டி, ஒரு சின்ன மயானம்கூட ஒட்டிவைத்திருக்கிறார்கள். திரையில் யார் கண்ணுக்கும் படாது. படாவிட்டால் என்ன?

பம்பாய்க்கு வந்தவர் கொஞ்சம் தெற்கே வந்திருந்தால் நெய்வேலியையும் பார்த்திருக்கலாம். 1934-ல் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு வெட்டப்போய், தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. அதிலிருந்து தொடங்கியது நெய்வேலியின் கதை. 1956-ல் கம்பெனி ஏற்பட்டது. 1957-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1962-ல் மின்சாரம் வந்தது. ராத்திரி நேரத்தில் விருத்தாசலம் ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்கள், முந்திரித் தோப்புகளின் இருட்டுக்குப் பின்னால் திடீரென்று அந்த விளக்குக் காடு எழும்புவதைப் பார்த்திருப்பார்கள். பக்கத்து ஸீட்டில் குழந்தை இருந்தால், "அப்பா, அது என்ன கப்பலா?" என்று கட்டாயம் கேட்கும்.

அதே 1962-ல்தான் அமெரிக்காவில் நிக் ஹோலோனியாக் என்பவர் கண்ணுக்குத் தெரியும்படி சிவப்பாக எரியும் எல்.இ.டி.யைச் செய்தார். எல்.இ.டி.யில் இழை இல்லை, வெற்றிடம் இல்லை. ஒரு பொடிப் படிகத்தின் வழியாக மின்சாரம் போகும்போது படிகமே ஒளிர்கிறது. இங்கிலாந்துக்காரரான ரவுண்ட் 1907-லேயே இதைக் கவனித்து இரண்டு பத்தி எழுதிவிட்டுப் போய்விட்டார். விடாப்பிடியாக ஆராய்ந்தவர் ருஷ்யாவில் ஓலெக் லோசெவ். பெரிய பட்டம் எதுவும் இல்லாதவர். ரேடியோ ஆராய்ச்சிச் சாலையில் வேலை பார்த்தவர். 1927-ல் இந்த ஒளியைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டார். தொடர்ந்து பல எழுதினார். ஒருவரும் சட்டை செய்யவில்லை. 1942 ஜனவரியில், ஜெர்மானியர் லெனின்கிராடை முற்றுகையிட்டிருந்தபோது, பட்டினியால் இறந்தார். வயது 38.

சிவப்பு வந்த பிறகு பச்சையும் மஞ்சளும் வந்தன. நல்ல நீலம் மட்டும் முப்பது வருஷம் வரவில்லை. நீலம் இல்லாமல் வெள்ளை கிடையாது. 1993-ல் ஜப்பானில் ஷூஜி நகமுரா பிரகாசமான நீல எல்.இ.டி.யைக் கொண்டுவந்தார். அவருக்கும், முன்னோடிகளான அகசாகி, அமானோ இருவருக்கும் 2014-ல் நோபல் பரிசு கிடைத்தது. நீலத்தின் மேல் மஞ்சளாக ஒளிரும் பூச்சு ஒன்றைத் தடவினால் வெள்ளை. இதுதான் இன்று நம் வீட்டுக் கூடத்தில் எரிகிற விளக்கு.

சூடு குறைந்த விளக்கு கிடைத்தது. வெளிச்சத்தைக் கொண்டுபோகும் இழையும் கிடைத்தது. பொம்மைக்காரர்கள் பாடு கொண்டாட்டம்தான். ஆனால் மனிதருக்குள் எரிகிற ஜோதியைக் காட்டுவதற்காகக் கட்டடமே கட்டிய ஊர்கள் நம் ஜில்லாவில் இரண்டு இருக்கின்றன என்பதை மறந்துவிட்டு அமெரிக்காவையே சுற்றிக்கொண்டிருக்கலாமா?

சிதம்பரத்தில் பராந்தக சோழன் பொன் வேய்ந்த சிற்றம்பலத்தின் கூரையில் 21,600 ஓடுகள் என்றும், அவற்றை 72,000 ஆணிகளால் அடித்திருக்கிறது என்றும் சொல்வார்கள். ஓடுகள் மனிதன் ஒரு நாளில் விடும் மூச்சு. ஆணிகள் உடம்பிலுள்ள நாடிகள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: நிமிஷத்துக்குப் பதினைந்து மூச்சு. வைத்தியர்களும் ஒப்புக்கொள்ளும் கணக்குத்தான். கோயிலே மனித உடம்பின் மாதிரி, நடுவில் நடனம்.

சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் 1823-ல் பிறந்த ராமலிங்க அடிகள், 1872-ம் வருஷம் தைப்பூசத்தன்று வடலூரில் சத்திய ஞான சபையைத் திறந்தார். எண்கோணக் கட்டடம். உள்ளே விக்கிரகம் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு தீபம், அதற்கு முன்னால் ஏழு திரைகள். கறுப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன்னிறம், வெள்ளை, கடைசியில் பல நிறமும் கலந்த திரை. மாதப் பூசத்தில் ஆறு திரைகளை மட்டும் நீக்குகிறார்கள். தைப்பூசத்தன்று ஏழையும் நீக்குகிறார்கள். லட்சக்கணக்கான ஜனங்கள் விடியற்காலைப் பனியில் நின்று அதைப் பார்க்கிறார்கள்.

எனக்குப் பெரிய ஆச்சரியம் தருவது வேறொன்று. அந்த 1872-லேயே, சபையில் எந்த விளக்கை வைக்க வேண்டும் என்று அடிகளார் எழுதி வைத்திருக்கிறார். பித்தளைக் குத்துவிளக்கு வேண்டாம். மேலே தொங்கவிடும் குளோப்பு விளக்குகளும் வேண்டாம். தகரமும் கண்ணாடியும் கொண்ட சாதாரண விளக்கே போதும். அதை உள்ளே கொண்டுபோய் வைக்கிறவர் பன்னிரண்டு வயதுக்கு உட்பட்டவராகவோ எழுபத்திரண்டு வயதுக்கு மேற்பட்டவராகவோ இருக்க வேண்டும். வெளிச்சத்தைப் பற்றி அடிகளார் பாடிய பாட்டுக்களை எல்லோரும் படிக்கிறார்கள். விளக்கைப் பற்றி அவர் போட்ட இந்த உத்தரவை யாரும் அவ்வளவாகப் படிப்பதில்லை. நான் அதைப் பல முறை படித்திருக்கிறேன். தகர விளக்கு ஏழை வீட்டு விளக்கு. தெருவில் போகிற எவனும் தன் வீட்டிலும் அதுதான் எரிகிறது என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஏழை வீட்டு விளக்கின் அருமை இந்த ஜில்லாவுக்குத் தெரிந்த அளவு வேறு எங்கும் தெரிந்திராது. 2011 டிசம்பர் 30-ந் தேதி அதிகாலையில் 'தானே' புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை ஏறியது. பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் ஒடிந்து விழுந்தன. பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. சென்னைக்கும் பெங்களூருக்கும் மின்சாரம் தரும் நெய்வேலியைத் தன்னுள்ளே வைத்துக்கொண்டிருக்கிற ஜில்லா, பொங்கலை இருட்டில் கொண்டாடிற்று. கடைகளில் மெழுகுவர்த்தி கிடைக்கவில்லை. பாட்டரியில் எரியும் சின்னஞ்சிறு எல்.இ.டி. கைவிளக்குகளைச் சுவரில் ஆணி அடித்து மாட்டிவைத்து, அதன் கீழே பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் உண்டு. அந்த வருஷத்துக்கு முன்னால் எல்.இ.டி. என்றால் அது கடிகாரத்திலும் ரேடியோவிலும் இருக்கும் சிவப்புப் புள்ளி என்றுதான் பல வீடுகளில் நினைத்திருந்தார்கள்.

கடலூரில் வண்டிப்பாளையம் என்று ஒரு பகுதி இருக்கிறது. நவராத்திரிக்குக் கொலு பொம்மை, சதுர்த்திக்குப் பிள்ளையார் என்று மண்ணைப் பிசைந்தே வயிறு வளர்க்கும் குடும்பங்கள் அங்கே உண்டு. பண்ருட்டிப் பக்கத்திலும் இந்தத் தொழில் நடக்கிறது. முன்பாதி, பின்பாதி என்று இரண்டு அச்சில் மண்ணை அழுத்தி எடுத்து ஒட்டுகிறார்கள். ஆகவே பொம்மையின் உள்ளே வெற்றிடம். விளக்கு வைக்கக் கடவுளே ஏற்பாடு செய்து கொடுத்த இடம் என்று சொல்ல வேண்டும். ஆனால் மண் பொம்மையில் துவாரம் போடுவதானால் சூளைக்குப் போகும் முன்பே போட வேண்டும். வெந்த பிறகு துளைத்தால் விரிசல் விடும். காகிதக் கூழ் பொம்மைக்கு இந்தக் கஷ்டம் இல்லை.

விக்ரம் சந்திரனில் இறங்கிய 2023-ம் வருஷம் அக்டோபரில் வந்த நவராத்திரியில், தமிழ்நாட்டில் எத்தனையோ கொலுக்களில் ராக்கெட்டும் சந்திரனும் வந்து உட்கார்ந்துவிட்டன. தசாவதாரத்துக்கும் செட்டியாருக்கும் நடுவே சந்திரயான்! அந்தத் திட்டத்தின் டைரக்டர் வீரமுத்துவேல் விழுப்புரத்துக்காரர். விழுப்புரம் 1993 வரையில் கடலூரோடு ஒரே தென்னாற்காடு ஜில்லாவாக இருந்தது. ஆகவே கடலூர்க்காரர்கள், "நம்ம பையன்" என்று கொஞ்சம் உரிமையோடேயே பேசிக்கொண்டார்கள்.

மஞ்சக்குப்பத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டிலும் அந்த வருஷம் ஆகாயக் கப்பல் வைத்தார்கள். செய்தவன் ஒன்பதாம் வகுப்புப் பையன். கப்பலென்றால் உண்மைக் கலம் அல்ல. அவனே கற்பனை செய்த, ஆட்கள் குடியிருக்கும் பெரிய கப்பல். அட்டையும் பிளாஸ்டிக் டப்பாவும்தான் உடம்பு. அவன் வேலை செய்ததைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். உள்பக்கம் முழுவதும் முதலில் கறுப்பு வர்ணம் அடித்தான். "எதற்கடா?" என்றால், "இல்லாவிட்டால் கப்பல் பூராவும் காகித லாந்தர் மாதிரி ஒளிரும், மாமா. ஜன்னல் மட்டும்தான் தெரியணும்" என்றான். அரை மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஒளியிழையைத் துண்டு துண்டாக நறுக்கி, ஒவ்வொரு துவாரத்திலும் ஒன்றாக உள்ளிருந்து செருகினான். சூப்பர் க்ளூ போட்டால் இழை உலர்ந்த வைக்கோல்போல் முறிந்துவிடுமாம், ஆகவே ஃபெவிகால். மிகவும் மடக்கினால் மடக்கிய இடத்தில் வெளிச்சம் கசிந்து போய்விடுமாம். ஆகவே தாராளமாக வளைத்தான். கப்பலின் மூக்கில் வைக்க வேண்டிய பெரிய விளக்குக்காக, பூஜை அறையிலிருந்து ஓர் ஊதுபத்தியைக் கொண்டுவந்து, அதன் கனலை இழையின் நுனிக்கு அருகே காட்டினான். தொடாமலே நுனி உருகி, குட்டிக் காளான் மாதிரி குடை விரித்தது. கொலடோனும் கபானியும் பார்த்திருந்தால் அவனைக் கட்டிக்கொண்டிருப்பார்கள்.

கடைசியில் நாற்பது இழைகளின் மறு நுனிகளையும் ஒரு கட்டாகக் கட்டி, ஒரே ஒரு வெள்ளை எல்.இ.டி.யின் முன்னால் கறுப்புக் குழாய்க்குள் பொருத்தினான். ஒன்பது வோல்ட் பாட்டரி, எல்.இ.டி.க்கு வேண்டியதோ சுமார் மூன்று வோல்ட். மிச்சத்தை விழுங்குவதற்கு 330 ஓம் தடையம் ஒன்று. அதைப் போடாமல் இணைத்தால் ஒரு கணம் பிரமாதமாக எரிந்துவிட்டு ஒரேயடியாக அணைந்துபோகும் என்றான். இரண்டு எல்.இ.டி.யைப் பலி கொடுத்துத் தெரிந்துகொண்ட பாடமாம்.

சாயங்காலம் கூடத்து விளக்கை அணைத்துவிட்டுக் கப்பல் விளக்கைப் போட்டார்கள். படி நிறைய இருட்டு. நடுவே நாற்பது ஜன்னல்கள். சுண்டல் வாங்க வந்த குழந்தைகள் சுண்டலை மறந்துவிட்டன. வீட்டுப் பாட்டிக்குக் கண் பார்வை குறைவு. கிட்டே வந்து, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு உற்றுப் பார்த்தாள்.

"ஏண்டா கண்ணா, உள்ளே யாருடா இருக்காங்க?"

"நாப்பது பேர் இருக்காங்க பாட்டி. சந்திரனுக்குப் போறாங்க."

"குழந்தை குட்டியோடவா?"

"ஆமாம் பாட்டி."

பாட்டி சற்று யோசித்தாள். பிறகு, "ராத்திரி எல்லாரும் படுத்தப்புறம் இதை அணைச்சுடு. பாவம், அவங்களும் தூங்க வேண்டாமா?" என்றாள்.

பையன் அது வரையில் கப்பலுக்கு ஸ்விட்ச் வைக்கவில்லை. பாட்டரியைச் செருகினால் எரியும், பிடுங்கினால் அணையும். மறுநாள் காலையில் பான்பரி மார்க்கெட் பக்கம் ஓடிப்போய் ஒரு ஸ்விட்ச் வாங்கி வந்து வைத்தான். விஜயதசமி வரையில் தினம் ராத்திரி ஒன்பதரை மணிக்குப் பாட்டியே அதை அணைத்துவிட்டுப் படுக்கப் போனாள்.